யார் குரல் கோட்டைக்குக் கேட்கிறது?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடத்துக்குப் பிழைக்க வந்த இரு தொழிலாளர் கூட்டங்கள்: ஓர் ஒப்பீடு

சேக்கிழார் பிறந்த ஊர், குன்றின் மேல் முருகன் வீற்றிருக்கும் ஊர் என்று அறியப்பட்ட குன்றத்தூருக்குக் கடந்த கால் நூற்றாண்டில் இன்னோர் அடையாளமும் சேர்ந்திருக்கிறது. நாட்டின் பெரிய தொழில் தடங்களில் ஒன்றின் வாசலில் இருக்கும் ஊர் அது. மேற்கே இருங்காட்டுக்கோட்டையும் ஸ்ரீபெரும்புதூரும். படப்பையைத் தாண்டினால் ஒரகடமும் வல்லம் வடகாலும். கிழக்கே அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டே இருக்கும் மாங்காடு, மௌலிவாக்கம். 1996-ல் தமிழ்நாட்டுக்கு வந்த ஹூண்டாய், 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து தன் முதல் காரை விற்பனைக்கு அனுப்பியது. 2006-ல் நோக்கியா, அடுத்த ஆண்டு சாம்சங், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், பிறகு டைம்லர், ராயல் என்ஃபீல்டு, யமஹா என்று ஆலைகள் வரிசையாக வந்தன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த கிராமங்களில் இத்தனை ஆலைகளுக்கு வேண்டிய ஆட்கள் இல்லை. ஆட்கள் வெளியிலிருந்து வந்தார்கள். இரண்டு திசைகளிலிருந்து வந்தார்கள்.

முதல் கூட்டம் தமிழ்நாட்டுக்குள்ளிருந்தே வந்தது. வட மாவட்டங்கள், டெல்டா, தென் மாவட்டங்கள் ஆகியவற்றின் கிராமங்களிலிருந்து பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்துவிட்டு மின்னணு ஆலைகளின் லைனில் நிற்க வந்த இளம்பெண்கள் இந்தக் கூட்டத்தின் முகம். ஹாஸ்டலில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஷிஃப்ட் முடிந்து அதே பஸ்ஸில் திரும்புகிறவர்கள். இரண்டாம் கூட்டம் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் மாநிலங்களிலிருந்து வந்த ஆண்கள். கட்டுமானம், வார்ப்பு, பெயின்ட், கிடங்கு, சுமை ஏற்றி இறக்கும் வேலை ஆகியவற்றில் பெரும்பாலும் இவர்களைப் பார்க்கலாம். லைன் வீடுகளிலும் தகரக் கொட்டகைகளிலும் ஓர் அறைக்குப் பலராகத் தங்குகிறார்கள். இரு கூட்டத்தாரும் வந்தேறிகளே. இருவருமே சொந்த ஊரில் கிடைக்காத கூலியைத் தேடி வந்தவர்கள். இருவரில் பெரும்பாலோரை வேலைக்கு எடுத்தவரும் ஆலைக்காரர் அல்லர், ஒப்பந்தக்காரர். ஆனாலும் இவர்களின் வாழ்க்கை ஒன்றுபோல் இல்லை.

அந்த வேற்றுமைக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் மூன்று: படிப்பு, மொழி, உழைக்கும் மனம். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தத் தடத்தில் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், இவற்றைவிட ஆழமான ஒரு காரணம் தெரிகிறது. ஒரு கூட்டத்தார் குரல் எழுப்பினால் கோட்டை பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. இன்னொரு கூட்டத்தார் குரலுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கூலி உழைப்பால் வருகிறது. பாதுகாப்போ ‘இந்த ஊர்க்காரர்’ என்ற தகுதியால் வருகிறது. அந்தத் தகுதியை வேலை செய்யும் இடத்தோடு இணைக்காதவரை இரண்டாம் கூட்டத்தின் நிலை மாறாது. முதல் கூட்டம் போராடிப் பெற்றதும் நிலைக்காது.

வந்த காரணம்

பொருளாதாரக் கணக்கிலிருந்து தொடங்குவோம். பீகாரின் தனிநபர் வருமானம் தமிழ்நாட்டினுடையதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், பீகாரில் 3.0. 2021–22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் கல்லூரிச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு, பீகாரில் 17 விழுக்காடு. இந்த எண்களைச் சேர்த்துப் படித்தால் இடப்பெயர்வின் கதை தெளிவாகிறது. இங்கே இளைஞர் எண்ணிக்கை சுருங்குகிறது. இருப்பவர்களில் பாதிப்பேர் கல்லூரிக்குப் போகிறார்கள். சிமென்ட் மூட்டை தூக்கவும் உலைக்கு முன் நிற்கவும் அவர்கள் விரும்புவதில்லை. அங்கே இளைஞர் பெருகுகிறார்கள், வேலை இல்லை. தமிழர்கள் சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள் என்ற பேச்சுக்கு இந்த எண்களில் ஆதாரம் கிடையாது. இரண்டு தலைமுறையாகப் பள்ளிக்கும் சத்துணவுக்கும் பெண்கல்விக்கும் செலவிட்ட ஒரு மாநிலத்தில் நடக்க வேண்டியது நடந்திருக்கிறது.

அதே செலவின் இன்னொரு விளைவுதான் லைனில் நிற்கும் பெண்கள். இந்திய ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வீட்டில் ஆண்பிள்ளை கல்லூரிக்குப் போக, பெண்பிள்ளை கம்பெனிக்குப் போய் அவன் கட்டணத்தையும் தன் நகையையும் சேர்க்கும் குடும்பங்கள் ஏராளம். நல்ல வேலை கிடைத்தது என்பதற்காக மட்டும் அவள் வரவில்லை. ஊரில் படித்த பெண்ணுக்கு வேலையே இல்லை என்பதாலும் வந்தாள். ஆக, ஒருவரைப் படிப்பு இங்கே கொண்டுவந்தது, மற்றவரைப் படிப்பின்மை கொண்டுவந்தது என்று பிரிக்கலாமே தவிர, ஒருவர் விருப்பத்தால் வந்தார், மற்றவர் வறுமையால் வந்தார் என்று பிரிக்க முடியாது. இருவரையும் தள்ளியது சொந்த ஊரின் வெறுமைதான்.

ஒரே கூலி, இருவேறு சுமை

இருவரும் ஒரே கூலி வாங்குவதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் மாதக் கடைசியில் மிஞ்சுவது ஒன்றாக இருக்காது. திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமமொன்றிலிருந்து வந்த பெண்ணின் குடும்பத்துக்கு அங்கே ரேஷன் கடையில் விலையில்லா அரிசி கிடைக்கிறது. தகுதியிருந்தால் அவள் தாய்க்கு 2023 செப்டம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை வருகிறது. தம்பி அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தால் காலை உணவும் மதிய உணவும் அங்கேயே. யாருக்காவது அறுவைச் சிகிச்சை என்றால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அவசரம் என்றால் இரவு பஸ் ஏறி விடியலில் வீட்டில் இருக்கலாம். அவள் கூலிக்குப் பின்னால் ஒரு மாநிலமே தாங்கி நிற்கிறது.

ஒடிசாவின் உள்மாவட்டத்திலிருந்தோ பீகாரின் சீமாஞ்சலிலிருந்தோ வந்தவருக்கு இந்தத் தாங்கல் மிக மெலிந்தது. 2020 அக்டோபரிலிருந்து ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. அதன்படி அவருக்கு இங்கே கிடைக்கக்கூடியது மத்திய அரசின் பங்கு மட்டுமே. மாநிலம் தன் மக்களுக்குத் தரும் கூடுதல் சலுகைகள் இல்லை. மாநிலக் காப்பீட்டில் சேர, ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கியதற்குச் சான்று வேண்டும். ஊருக்குப் போக வேண்டுமென்றால் முன்பதிவில்லாப் பெட்டியில் இரண்டு நாள் பயணம். 2023 ஜூன் 2 அன்று பாலசோரில் விபத்துக்குள்ளான கோரமண்டல் எக்ஸ்பிரஸ், சென்னைக்கு வேலை தேடி வருகிறவர்கள் நெருக்கியடித்து ஏறும் வண்டி. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த விபத்தில் முன்பதிவில்லாப் பயணிகள் பலர் சிக்கினார்கள். பிழைக்கப் போகும் வழியே உயிருக்கு ஆபத்தாக இருப்பது அவர் செலவுக் கணக்கில் எங்கும் எழுதப்படுவதில்லை. குறைந்த கூலிக்கு அவர் ஒத்துக்கொள்கிறார் என்று நாம் சொல்லும்போது, பேரம் பேசும் பலம் இல்லாமல்தான் அவர் இங்கே வந்து இறங்குகிறார் என்பதை விட்டுவிடுகிறோம்.

எண்ணிக்கையும் சிறியதல்ல. தொழிலாளர் துறை முன்பு எடுத்த கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 10.67 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருப்பதாகச் சொன்னது. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தார். மாநிலத்திலேயே மிக அதிகம் அதுதான். அதற்குப் பிறகு எத்தனையோ ஆலைகளும் குடியிருப்புகளும் எழுந்துவிட்டன.

மறியலுக்குப் பதில் வந்தது

இனி, அந்த ஆழமான காரணத்துக்கு வருவோம். 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவ, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நெருக்கடியான அறைகள், தரையில் படுக்கை, தண்ணீர் வராத கழிப்பறை என்று அந்த விடுதிகளின் நிலை அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. சுமார் 17,000 பேர் பணியாற்றிய ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். மறியல்தான் விடுதியைக் கட்டியது என்று ஒற்றை வரியில் முடித்துவிட முடியாது. முதலீட்டை ஈர்க்கும் கணக்கும் அதில் உண்டு. ஆனால் தொழிலாளி எங்கே படுக்கிறாள் என்பது அரசு கவலைப்பட வேண்டிய விஷயமானது அந்த நெடுஞ்சாலையில்தான்.

இதே வரிசையில் இன்னும் இரண்டு நிகழ்ச்சிகள். 2023 ஏப்ரல் 21 அன்று, நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் 15 வரை நீடித்தது. சங்கத்தைப் பதிவு செய் என்பதே முதல் கோரிக்கை. அமைச்சர்கள் நேரில் அமர்ந்து பேசினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. இவை எல்லாவற்றிலும் தொழிலாளிக்கு முழு வெற்றி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அரசு மேசைக்கு வந்தது. வந்ததற்குக் காரணம், சாலையில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு தொகுதி, ஓர் எம்எல்ஏ, ஒரு சங்கம், தமிழ் நாளிதழ் படிக்கும் ஒரு குடும்பம் இருந்ததுதான். அவர்களைக் கைவிட்டால் தேர்தலில் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

பதில் வராத இடங்கள்

இரண்டாம் கூட்டத்தின் வரலாற்றில் இப்படிப்பட்ட மேசை எதுவும் இல்லை. 2014 ஜூன் 28 அன்று, குன்றத்தூரை ஒட்டிய மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். ஆந்திராவின் வடகோடி மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளர்கள் அவர்களில் நிறையப் பேர். நீதிபதி ரெகுபதி ஆணையம் விசாரித்தது. அருகிலிருந்த இரட்டைக் கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கட்டட அனுமதி, மண்ணின் தாங்குதிறன், வடிவமைப்பு ஆகியவை பற்றியெல்லாம் ஊர் பேசியது. அந்தத் தொழிலாளர்கள் யார் கணக்கில் வேலை செய்தார்கள், எங்கே தங்கினார்கள், பெயர்ப் பதிவு என்ன ஆனது என்ற கேள்விகள் அரசியல் கேள்விகளாகவே ஆகவில்லை. மாண்டவர்களின் குடும்பங்கள் இங்கே எந்தத் தொகுதியிலும் இல்லை.

2020 ஊரடங்கில் வேலையும் கூலியும் நின்றபோது, வெளிமாநிலத் தொழிலாளர்கள் கேட்ட ஒரே உதவி ஊருக்குப் போக ஒரு ரயில். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவின. தமிழ்நாடு காவல்துறை உடனே மறுத்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. பொய் பரப்பியவர்கள் மீது வழக்குப் பாய்ந்தது. அரசு அப்போது சுறுசுறுப்பாகவும் பொறுப்பாகவும் நடந்துகொண்டது. ஆனால் ஒரு பொய் பலரை ரயில் நிலையத்துக்கு ஓடவைத்தது ஏன் என்பதையும் நாம் கேட்க வேண்டும். தன் மொழியில் உண்மையைச் சொல்ல நம்பகமான ஓர் அமைப்போ, ஓடிப்போய்க் கேட்க ஓர் அலுவலகமோ, தெரிந்த ஒரு சங்கக்காரரோ அவர்களுக்கு இருக்கவில்லை. கைப்பேசியில் வந்த காணொளிதான் அவர்களுக்கு அரசாகவும் நாளிதழாகவும் இருந்தது.

வாக்குரிமையின் நிலை இதைவிடக் கசப்பானது. 2025 ஆகஸ்டில் பீகாரில் வெளியான வரைவு வாக்காளர் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. அவற்றில் சுமார் 36 லட்சம் பேர் நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்கள் அல்லது வீட்டில் காணப்படாதவர்கள் என்ற காரணம் சொல்லப்பட்டது. அதே மாதத்தில் தமிழ்நாட்டில், வெளிமாநிலத்தவர் இங்கே வாக்காளர்களாகச் சேர்க்கப்படுவார்களோ என்ற கவலை பெரும் விவாதமானது. அங்கே ‘போய்விட்டார்’ என்று நீக்கப்படுகிறவரை இங்கே ‘வந்துவிட்டார்’ என்று அஞ்சுகிறோம். இடம்பெயர்ந்தவர் இருக்கும் இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க ஓர் இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளிடம் காட்டியபோது, பெரும்பாலான எதிர்க்கட்சிகள் அதை ஏற்கவில்லை. ஆட்சேபங்களில் நியாயம் இருக்கலாம். விளைவு மட்டும் ஒன்றுதான்: அந்தத் தொழிலாளிக்கு அங்கும் குரல் இல்லை, இங்கும் இல்லை.

மறுப்புகளும் பதில்களும்

இந்த ஒப்பீட்டுக்கு எதிராகச் சில கேள்விகள் எழும். அவை புறந்தள்ளக் கூடியவை அல்ல. முதலாவது: தமிழ்நாட்டுப் பெண்களும் அப்படி ஒன்றும் வாழ்ந்துவிடவில்லையே, அவர்களை ஏன் பாதுகாக்கப்பட்டவர்களாகக் காட்ட வேண்டும்? கேள்வி சரியானது. ஹாஸ்டல் கதவு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதை அவர்கள் தீர்மானிப்பதில்லை. படுக்கையும் வேலையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பதால், வேலை போனால் அன்றே தங்குமிடமும் போகிறது. ஐபோன் பூட்டும் வேலைக்குத் திருமணமான பெண்களை ஃபாக்ஸ்கான் எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டபோது, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. நோக்கியா 2014 நவம்பரில் ஆலையை மூடியபோது பெண்கள் பலர் இருபதுகளின் நடுவிலேயே வேலையிழந்து ஊர் திரும்பினார்கள். நிரந்தரத் தொழிலாளர்களுக்காவது சங்கம் பேசி ஒரு தொகை கிடைத்தது. ஒப்பந்தத்தில் இருந்தவர்களுக்குப் பேச ஆள் இல்லை. ஆக, ஊர்க்காரர் என்ற தகுதி எல்லாவற்றையும் தந்துவிடாது. ‘நம் பெண்கள்’ என்ற அக்கறைக்குள் காவலும் இருக்கிறது. ஆனால் இந்தக் குறைகள் பேசப்படுகின்றன, செய்தியாகின்றன, சட்டமன்றம் வரை போகின்றன. அந்த வாய்ப்பே பெரிய சொத்து. அது இல்லாதவரின் நிலையை அளக்க அதைத்தான் அளவுகோலாக வைக்க முடியும்.

இரண்டாவது மறுப்பு கூலியைப் பற்றியது. வெளிமாநிலத்தார் குறைந்த கூலிக்கு வருவதால்தான் உள்ளூர் இளைஞனுக்கு வேலையும் இல்லை, உயர்வும் இல்லை என்கிறார்கள். இந்தக் கோபத்தின் வேர் உண்மையானது. அது திரும்பும் திசைதான் தவறு. இந்தத் தடத்தில் கூலியைக் கீழே பிடித்துவைத்திருப்பது ஒப்பந்தமுறை. சாம்சங் வேலைநிறுத்தத்தின்போது ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டு உற்பத்தியைத் தொடர நிறுவனம் முயன்றதாகச் செய்திகள் வந்தன. கேள்வி கேட்க முடியாத ஒருவர் பக்கத்தில் கிடைக்கும்வரை, கேள்வி கேட்கிறவரின் பலம் பாதியாகவே இருக்கும். அவருக்கும் கேள்வி கேட்கும் பலத்தைக் கொடுத்தால் அவரை மலிவாக வாங்க முடியாது. அப்போதுதான் உள்ளூர்த் தொழிலாளியின் கூலியும் உயரும். விலக்கிவைப்பது தீர்வாகாது என்பதற்கு நீதிமன்றச் சான்றும் இருக்கிறது. தனியார் வேலையில் 75 விழுக்காட்டை உள்ளூராருக்கு ஒதுக்கிய ஹரியானாச் சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலும் அதே 75 விழுக்காடு 2021 தேர்தலில் வாக்குறுதியாக ஒலித்தது. அரசமைப்புச் சட்டம் அனுமதிக்காத வழியில் நேரத்தைச் செலவிடுவதைவிட, அனுமதிக்கும் வழியில் கூலியை உயர்த்துவது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, மொழியும் அரசியலும். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்குத் தொகுதி மறுசீரமைப்பில் தண்டனை கிடைக்குமோ, வடக்கின் எண்ணிக்கை தெற்கின் குரலை அமுக்குமோ என்ற அச்சம் தமிழ்நாட்டில் ஆழமானது. அதை அற்பமாக்க எனக்கு மனமில்லை. இந்தித் திணிப்பை எதிர்த்து உயிர் கொடுத்த மண் இது. ஆனால் மறுசீரமைப்பு டெல்லியில் முடிவாகும் விஷயம். மௌலிவாக்கத்தில் கம்பி கட்டுகிறவர் அதில் கட்சிக்காரர் அல்லர். மொழி தெரியாததே குற்றம் என்றால், இதே தடத்தில் கொரிய, ஜப்பானிய அதிகாரிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆலை மொழிபெயர்ப்பாளரை வைக்கிறது. கடைக்காரர் அவர்கள் மொழியில் பலகை எழுதுகிறார். உணவகம் அவர்கள் சுவைக்குச் சமைக்கிறது. அதில் எந்தத் தவறும் இல்லை. மொழி தெரியாத பணக்காரருக்கு நாம் வழிவிடுகிறோம், மொழி தெரியாத ஏழையிடம் எரிச்சல்படுகிறோம் என்றால், அந்த எரிச்சலுக்கு மொழிப்பற்று என்று பெயர் வைக்கக் கூடாது. தமிழை வளர்க்க விரும்புகிறவருக்கு நேரான வழி, வந்தவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் தமிழைக் கற்றுத் தருவது. வெளிமாநிலத் தொழிலாளரின் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் முயற்சியைப் பள்ளிக் கல்வித் துறை தொடங்கியிருப்பது நல்ல தொடக்கம்.

நான்காவதாக, ‘ஆறு மாதத்தில் போய்விடுவார்கள், அவர்களுக்கு ஏன் இத்தனை ஏற்பாடு?’ என்பார்கள். ஆள் மாறலாம், அந்த வேலையும் அந்தக் கூட்டமும் மாறுவதில்லை. ஒருவர் போனால் அவர் கிராமத்திலிருந்து இன்னொருவர் அதே அறைக்கு வருகிறார். தவிர, குடும்பத்தை அழைத்துவர முடியாத அறையும், விபத்து நடந்தால் யாரைக் கேட்பது என்று தெரியாத வேலையும் இருக்கும்வரை யார்தான் தங்குவார்கள்? குறுகிய காலத் தங்கலுக்குக் காரணமே நாம் தராமல் விட்ட ஏற்பாடுகள்தான்.

என்ன செய்ய வேண்டும்

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. முகவர்கள் வெளிமாநில வேலைக்கு ஆள் பிடித்த ஒடிசாவின் ‘தாதன்’ முறைக் கொடுமைகளைக் கண்டு 1979-ல் கொண்டுவந்த வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரருக்கு உரிமம், தொழிலாளிக்குப் பாஸ்புக், இடப்பெயர்வுப் படி, பயணப் படி, தகுந்த தங்குமிடம் என்று பலவற்றைச் சொன்னது. நாற்பது ஆண்டு கழித்தும் அது காகிதத்தைவிட்டு அதிகம் இறங்கவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அந்தச் சட்டத்தை விழுங்கிவிட்டன. தானாக வந்து சேர்ந்தவரையும் வெளிமாநிலத் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது புதிய சட்டத்தின் நல்ல பக்கம். இடப்பெயர்வுப் படி மறைந்ததும், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் 20 பேருக்குப் பதில் 50 பேர் இருந்தால்தான் பொருந்தும் என்றானதும் அதன் கெட்ட பக்கம். சிறு ஒப்பந்தக்காரர்களின் கீழ் சிதறிக் கிடக்கும் தொழிலாளருக்கு இந்த எண் மாற்றம் பெரிய இழப்பு.

எனவே மாநிலம் தன் கையில் இருப்பதைச் செய்ய வேண்டும். அண்டைக் கேரளம் 2017-ல் ‘ஆவாஸ்’ என்ற பெயரில் வெளிமாநிலத் தொழிலாளருக்குக் காப்பீடு தந்தது. 2019-ல் பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் அவர்களுக்கென அரசு விடுதி திறந்தது. எர்ணாகுளத்தில் அவர்கள் பிள்ளைகளுக்குத் தனிக் கல்வித் திட்டம் நடத்தியது. அளவில் சிறியவைதான், ஆனால் பாதையைக் காட்டுகின்றன. வல்லம் வடகாலில் 18,720 பேருக்குப் படுக்கை போட முடிந்த அரசுக்கு, படப்பையிலும் ஒரகடத்திலும் வெளிமாநில ஆண்களுக்கும் குடும்பங்களுக்கும் வாடகைக் குடியிருப்பு கட்டுவது இயலாத காரியம் அல்ல. அந்தக் குடியிருப்பை ஆலையோ ஒப்பந்தக்காரரோ நடத்தக் கூடாது; வேலை போனாலும் படுக்கை போகக் கூடாது. பெண்கள் விடுதிகளுக்கும் இதே விதி வேண்டும். விடுதி நிர்வாகத்தில் தங்குகிறவர்களே தேர்ந்தெடுத்த குழு வேண்டும். லைன் வீடுகளைப் பதிவு செய்து, தண்ணீரும் கழிப்பறையும் இருக்கிறதா என்று பார்க்கும் வேலையைக் குன்றத்தூர் நகராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் ஏற்க வேண்டும். தொழிலாளர் துறையின் உதவி மையம் ஒன்று ஷிஃப்ட் முடிந்த பிறகும் திறந்திருக்க வேண்டும். அதில் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசுகிறவர்கள் உட்கார வேண்டும். முதல் நாள் வேலைக்குள் நுழையும்போதே ஈஎஸ்ஐ எண்ணும் பெயர்ப் பதிவும் இருப்பதற்கு ஒப்பந்தக்காரரைக் கைகாட்டாமல் முதன்மை நிறுவனத்தையே பொறுப்பாக்க வேண்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் கடமை இருக்கிறது. இந்தத் தடத்தின் சங்கங்கள் பெரும்பாலும் நிரந்தரத் தொழிலாளரின் சங்கங்கள். வாசலுக்கு வெளியே இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியை, அதிலும் தமிழ் தெரியாதவரை, உறுப்பினராக்கும் உழைப்பை அவை இன்னும் முழுதாகத் தொடங்கவில்லை. ஓசூரின் மின்னணு ஆலைக்கு ஜார்க்கண்டிலிருந்து இளம்பெண்கள் வரத் தொடங்கி ஆண்டுகள் ஆகிவிட்டன. இரு கூட்டங்களுக்கும் நடுவிலிருந்த கோடு அங்கே அழிந்துகொண்டிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் அது அழியும். அன்று அடுத்தடுத்த படுக்கையில் படுக்கும் இரு பெண்களில் ஒருத்திக்கு மட்டும் சங்கமும் எம்எல்ஏவும் இருப்பார்கள் என்றால், இருவர் கூலியையும் ஒப்பந்தக்காரரே முடிவு செய்வார்.

தமிழர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. கங்காணிகள் திரட்டிச் சென்ற தமிழர்கள் இலங்கையின் மலைகளில் தேயிலையை வளர்த்தார்கள். 1948-ன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது, வாக்குரிமை போனது, 1964-ல் இரண்டு பிரதமர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் அவர்களில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை. உழைப்பை மட்டும் வாங்கிக்கொண்டு ஆளை அங்கீகரிக்காத ஒரு நாடு என்ன செய்யும் என்பதை நம்மவர்கள் மூன்று தலைமுறை அனுபவித்தார்கள். இன்று ஆண்டுதோறும் ஜனவரி 12 அன்று அயலகத் தமிழர் நாளைக் கொண்டாடும் நம் அரசு, வளைகுடாவிலும் மலேசியாவிலும் உள்ள தமிழருக்கு நியாயமான கூலி, தங்குமிடம், முறையீட்டு வழி ஆகியவை வேண்டும் என்று கேட்கிறது. அது முற்றிலும் நியாயமான கோரிக்கை. அதே மூன்றையும் ஒரகடத்தில் உழைக்கும் ஒடியருக்கும் பீகாரிக்கும் கொடுத்துவிட்டுக் கேட்டால் அந்தக் கோரிக்கையை எந்த நாட்டு அரசும் தட்டிக்கழிக்க முடியாது. நம்மவருக்கு வெளியூரில் கேட்பதை வெளியூராருக்கு இங்கே மறுப்பது அறமும் ஆகாது, லாபமும் ஆகாது. தமிழ்நாடு தொழிலில் முந்தியதற்குக் காரணம் சாலையும் துறைமுகமும் மட்டுமல்ல. எளியவரையும் கணக்கில் எடுத்த அரசியலும்தான். அந்தக் கணக்கில் இந்தத் தடத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரையும் சேர்ப்பதே இனி நம் அரசின், நம் சங்கங்களின், நம் ஊர்களின் முதல் வேலை.